கோட்டை ஊர்ச் சோறும் ஒரு டம்ளர் ஒயினும்

1946, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், இரவு.

பட்டாளத்திலிருந்து திரும்பிய என் மனைவியின் தம்பி முனுசாமி, சாப்பிடும்போது கிரீஸ் தேசத்துக் கதை சொன்னான். சுற்றிலும் கோட்டை மதில் உள்ள ஊராம். அங்கே ஒரு வீட்டில் அரிசியைத் திராட்சை இலையில் மடித்து வேகவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்களாம்.

"இலையப் பிரிச்சுப் போட்டுட்டுத்தானே துன்னே?" என்று கேட்டேன்.

"இலையோடதான் பாவா."

"அப்ப ஆடும் நீயும் ஒரே பந்தி!" என்றேன்.

"சிரிக்காதீங்க. அந்த ஊரு ஒயினு ஒரு டம்ளரு உள்ள போச்சுன்னா..." என்று உளறிவிட்டான்.

என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். குடிக்க மாட்டேன் என்று மலைமேல் முருகன் சந்நிதியில் கற்பூரம் அணைத்து அவளுக்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவன் பட்டாளம் போனான்.

"முருகனுக்கு இன்னாடா பதில் சொல்லுவே?"

"சண்டையில செத்த தம் புள்ளையோட நாற்காலில என்னை உக்கார வெச்சு ஊத்தினாங்கக்கா அந்த வூட்டம்மா. அழுதுகினே ஊத்தினாங்க. எப்டி வேணாம்னுவேன்?"

கேலி பேசிக் கிளறிவிட்டது நான்தானே. பிறகு அவள் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"நாளைக்கு மலையேறி மொட்டை போட்டுக்கோ. அந்தம்மாவுக்கும் சேத்துக் கும்பிடு."

"பட்டாளத்தான் தலையில முடி ஏது? என்னுதையும் சேத்துக் குடுக்கட்டுமா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். தூக்கம் வருகிறது. விடிந்தால் மூன்று பேரும் படியேற வேண்டும்.