தட்டில் கிடந்த பதினேழு போன்கள்

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார், தங்கச்சி கண்ணாடிக் கடை வேலையில் நிலைத்துவிட்டாள், வீட்டில் எல்லோரும் நலம், என் மனசு ஒன்றுதான் நாலு நாளாக நலமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, கழுத்து வரை போர்த்திக்கொண்டு தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்வதை விட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பாய். போனில் மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் நீ ஒரே சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனாய், எனக்கு நாக்கு எழவில்லை. முதல் தேதி வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கப் போகிறேன், இனிமேல் முழு நேரமும் வீடியோதான் என்று சொன்னாயே, அதற்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. தபாலில் போட்டால் இது வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், அதனால் எழுதி முடித்ததும் தங்கச்சியை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். சலவைப் பட்டியல் எழுதி எழுதி என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது, சிரிக்காமல் படி.

முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடு. நீ கம்ப்யூட்டரில் விளையாடுவதைப் படம் பிடித்து நெட்டில் போட ஆரம்பித்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, "ஏழு பேரும்மா, அதுல நாலு பேரு நம்ம ஆளுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். சின்ன வயதில் சைக்கிளோடு விழுந்து எழுந்து, வலிக்கவே இல்லை என்று சிரிப்பாயே, அதே சிரிப்பு. அப்பாவுக்கு உன் விளையாட்டு ஒரு எழவும் புரியாது, மாடி மாடியாக ஓடிச் சுட்டுக்கொண்டே நீ கத்துவதைக் கேட்டுவிட்டு, "இவன் யாரை இப்படித் திட்றான், ஆபீஸ்காரனையா?" என்று கேட்டார். தங்கச்சிதான் விளக்கிச் சொன்னாள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும், எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள் என்பதும் தெரியும், கடைசி வரைக்கும் ஓடினால்தான் மதிப்பு என்று. அட, இவ்வளவுதானா, ஓடணும், அவ்வளவுதானே என்று நினைத்தேன் பார், என் புத்தியை எதால் அடிக்கிறது.

எங்கள் சலவைக் கூடம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு என்று மலை மலையாக வந்து இறங்கும், பகல் முழுக்க நீராவி, எதிரே நிற்கிறவளுடைய முகம் தெரியாது, விரிப்பின் முனையைப் பிடித்திருக்கிற கை மட்டும்தான் தெரியும். ஈரக் கையால் போனைத் தொடக் கூடாது என்று வேலைக்கு வந்ததும் வாசல் பக்கத்து அலமாரியில் ஒரு பெரிய தகரத் தட்டில் எல்லோரும் போனை வைத்துவிட வேண்டும். என்னுடையது போக மொத்தம் பதினேழு போன். பட்டியல் எழுதுகிறவள் நான், அதனால் கை காய்ந்திருக்கிறவளும் நான் ஒருத்திதான். நான் கேட்டதும் எல்லோரும், "உங்க பையனுக்காகத்தானே அக்கா, தாராளமா ஓட்டுங்க" என்று பூட்டைத் திறக்கிற எண்ணைச் சொல்லிவிட்டார்கள். நீ வீடியோ போடுகிற அன்றைக்கெல்லாம் பதினேழு போனிலும் சத்தத்தை அணைத்துவிட்டு உன்னை ஓட விட்டேன். பாய்லர்க்காரர் அவருடைய ஒரு போனிலும், வேன் ஓட்டுகிறவர் அவருடைய இரண்டு போனிலும், ராத்திரி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஓட விட்டோம். நான் இரண்டு வண்டி விரிப்புக்குப் பட்டியல் எழுதிவிட்டுத் திரும்பி வந்தால் நீ முடிந்திருப்பாய். தட்டில் பதினேழு சின்னச் சின்ன வெளிச்சம் மினுக்கிக்கொண்டு கிடக்கும், நீராவிக்குள்ளிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், என் பிள்ளை பதினேழு இடத்தில் இருக்கிறான் என்று உச்சி குளிர்ந்து போவேன். ஆனால் ராசா, யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு வீடியோவைக்கூட நான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. ஓட விட்டேன், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு வந்து எல்லோருக்கும் கண் சொருகுகிற நேரம். நீ புதிதாக ஒன்று போட்டிருந்தாய், அதை முதலில் குண்டூசியின் போனில் அமுக்கினேன். குண்டூசி என்பது எங்கள் தையல் மெஷினில் கிழிசல் தைக்கிற பெண், ஆள் அவ்வளவு ஒல்லி. அவள் போனில் சத்தத்தை அணைக்க மறந்துவிட்டேன். கத்தல் வரும் என்று பயந்து கையை நீட்டினேன், கத்தல் வரவில்லை. தண்ணீரில் துடுப்பு விழுகிற சத்தம் வந்தது. பிறகு உன் குரல், யாரிடமும் பேசாத குரல், வீட்டில் நீ தனியாக மேஜையைத் துடைக்கும்போது உனக்குள்ளேயே முணுமுணுப்பாயே, அந்தக் குரல். பெரிய ஏரி, அதில் ஒரு சின்னப் படகு, மழை தூறுகிறது. "இன்னும் வரக்காணோமே இவன்" என்று சொல்லிவிட்டு நீ சும்மா ஓட்டிக்கொண்டு போனாய். உன் சினேகிதன் விளையாட்டுக்குள் வருவதற்காகக் காத்திருந்தபோது, படம் பிடிப்பதை நிறுத்த மறந்துவிட்டாய் என்று பிறகுதான் சொன்னாய். தூரத்தில் கரையில் ஒரு விளக்கு தெரிந்தது. "அங்க என்ன விளக்கு, போய்ப் பாத்துட்டு வருவமா" என்றாய். யாரிடம் கேட்டாயோ தெரியாது, நான் தலையாட்டினேன்.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்தில், என்னோடு வேலை செய்கிற நெட்டை அக்கா வந்து நின்றாள், துண்டு மடிக்கிற இரண்டு பேர் வந்தார்கள், இஸ்திரி போடுகிற ரோலரில் விரிப்பு விடுகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள். அது நின்றதும் கூடமே அமைதியாகி உன் துடுப்பு மட்டும் கேட்டது. நீராவி மெல்ல இறங்கி எல்லோர் முகமும் தெரிய ஆரம்பித்தது, பதினோரு பேர், ஒரு போன். ஒருத்தர் தோளில் ஒருத்தர் தாடையை வைத்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறார்கள். நீ கரையில் இறங்கினாய், விளக்கு தெரிந்தது ஒரு சின்ன வீட்டில். வீட்டைச் சுற்றி வந்தாய், ஜன்னலில் விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை. மழையில் நின்றுகொண்டு மெதுவாக, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாய். நம் வீட்டுக் கதவை வெளியிலிருந்து தட்டுவது மாதிரி எனக்கு ஆகிவிட்டது ராசா, கண் நிறைந்துவிட்டது, நீராவி மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டேன். ரோலர் ஏன் நின்றது என்று திட்டுவதற்காக மேனேஜர் உள்ளே வந்தார், வந்தவர் அப்படியே எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போது பார்த்து உன் சினேகிதன் வந்துவிட்டான், "வந்துட்டியா" என்றாய், படம் அறுந்துவிட்டது. ஐயோ என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மேனேஜர்தான் முதலில் கேட்டார், "கதவு திறந்துச்சா இல்லையா?" என்று.

அன்று முழுக்க யாருக்கும் வேலை ஓடவில்லை. உள்ளே வயதான ஒரு தம்பதி இருக்கிறார்கள், காது கேட்காது, அதனால்தான் திறக்கவில்லை என்றாள் நெட்டை அக்கா. "உள்ள ஒண்ணும் இருக்காதும்மா, விளையாட்டு செஞ்சவன் கதவோட நிறுத்தியிருப்பான்" என்று பாய்லர்க்காரர் சொல்லிவிட்டார், அதற்காக அவரோடு அவள் இரண்டு நாள் பேசவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது எனக்கு ரோடு தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது, நம் நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் நடந்து வந்தேன். வெள்ளை விரிப்பை உதறும்போதெல்லாம் இப்போதும் ஒரு நொடி அந்த ஏரி வந்து போகிறது. நீ கத்துகிற வீடியோவில் அடுத்து என்ன ஆச்சு என்று ஒருத்தராவது என்னைக் கேட்டிருப்பார்களா? கேட்டதே இல்லை. இந்தக் கதவைப் பற்றி இன்றைக்கும் கேட்கிறார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. மற்ற பதினாறு போனில் அதை ஓட விட எனக்கு அன்று தோன்றவே இல்லை, பாய்லர்க்காரரிடமும் வேன்காரரிடமும் ஓட்டச் சொல்லவும் இல்லை. அப்பாவும் தங்கச்சியும் ராத்திரி சாப்பிட்டபின் ஓட விடலாம் என்று இருந்தார்கள், அதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். "வேற ஒண்ணும் கையில இல்லன்னு தவறிப் பதிவானதைப் போட்டேன்மா, ஒரே ஒரு ஆள்தான் கடைசி வரைக்கும் பாத்திருக்கு, தூக்கிட்டேன்" என்றாய். எனக்குத் தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு ஆள் பதினோரு பேர் ராசா, மேனேஜரோடு பன்னிரண்டு. நீ பெருமையாகச் சொல்கிறாயே, "நம்ம ஊருல இருபத்துமூணு பேர் ஒரு நொடி விடாம பாக்குறாங்கம்மா, மத்தவங்க ஒரு நிமிஷத்துல ஓடிடறாங்க, இவங்கதான் என் ஆளுங்க, இவங்களை நம்பித்தான் வேலையை விடறேன்" என்று, அந்த இருபத்துமூன்று பேரும் ஆளில்லாத போன்கள். பதினேழு தட்டில் கிடந்தது, மற்றது வேனிலும் பாய்லர் மேலும் நம் வீட்டு மேஜையிலும் கிடந்தது. நீ எவ்வளவு கத்தினாலும் அவை எழுந்து போகாது, எழுந்து போக அவற்றுக்குக் கால் இல்லை. கத்துகிற இடத்தில் யாரும் போகவில்லை என்று பார்த்துவிட்டு நீ இன்னும் கத்தினாய். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் குரல் கம்மி, எச்சில் முழுங்க முடியவில்லை, தொண்டை புண்ணாகிவிட்டது என்றாயே, அன்று போனை வைத்துவிட்டு நான் குளியலறைக்குள் போய் அழுதேன். கேட்க ஆளில்லாத தட்டுக்காக என் பிள்ளை தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான், கிழிக்க வைத்தவள் நான்.

உன் சந்தோஷத்துக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், சொல்ல மாட்டேன். ஏழு பேர் என்று நீ சிரித்த சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை, அதனால் செய்தேன், எனக்காகத்தான். இன்று காலையில் எல்லோரையும் கூப்பிட்டு இனி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குண்டூசி முகம் தொங்கிப்போய், "அண்ணன் நம்மளை வெறுத்துடுவாரா அக்கா?" என்று கேட்டது. நாளைக்கு நீ போடுவதற்கு எண்ணிக்கை சடாரென்று விழும், ஐந்தோ ஆறோ வரும், பயந்துவிடாதே, அதுதான் நிஜம். அதைப் பார்த்துவிட்டு வேலையை விடு, விடாமல் இரு, உன் இஷ்டம், உன்னை மாதிரி பொறுமை உள்ளவனுக்கு எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அமுக்கிவிட்ட பொய்யை நம்பி மட்டும் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடாதே. அந்த ஏரி வீடியோ உன் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தால் அழித்துவிடாதே, கூடத்தில் எல்லோரும் என்னைக் கேட்கச் சொன்னார்கள், மேனேஜர் இரண்டு தடவை சொன்னார். கதவு திறக்குமா என்று உனக்கே தெரியாது என்றால் ஒரு நாள் போய்ப் பார், கத்தாமல் போ.

நீ எங்கே இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், உன் கை தொட்டது நல்லபடியாக நடக்கட்டும், உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், அம்மா அப்பா ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. உப்புப் போட்ட வெந்நீரில் தினமும் இரண்டு வேளை தொண்டையைக் கொப்பளி, மறந்துவிடாதே. இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணு, அதை என்னால் தாங்க முடியாது. கூப்பிட்டுத் திட்டு. தொண்டை புண்ணாக இருக்கிறது, மெதுவாகத் திட்டு, இந்தத் தடவை கடைசி வரைக்கும் நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா