ஸ்டியரிங் கியரும் தரை கியரும்

தாதர், பம்பாய்
12 நவம்பர் 1995

அன்புள்ள ஹில்லா அக்காவுக்கு,

உன் இடது தோள் வலி எப்படி இருக்கிறது? பஞ்ச்கனியில் குளிர் தொடங்கியிருக்குமே, சால்வை இல்லாமல் தோட்டத்தில் நிற்காதே. என் வீட்டுக்காரி தூன் உனக்காகக் கேரட் திராட்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று நம் ஃபியட்டை உன்னிடமிருந்து இங்கே கொண்டுவந்தேன் அல்லவா? அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். சோர் பஜாரில் ஒரு பழைய சாமான் கடை. குவியலுக்கு அடியில் என்ன கிடந்தது தெரியுமா? 1955 மாடலின் அசல் கியர் கம்பி! அப்பா வாங்கியபோது ஸ்டியரிங்கிற்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்ததே, அதே கம்பி. முனையில் அதே தந்த நிறக் குமிழ், ஒரு கீறல்கூட இல்லை. கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மெக்கானிக் யூனுஸ் சொல்கிறான், "சேட், உங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கும்போதுகூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டீங்க."

தரையிலிருந்த அந்தக் கியரைக் கழற்றி எறிந்தாயிற்று. ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, தேய்த்து, பெயின்ட் அடித்தாயிற்று. விரலால் தடவினால்கூட இடம் தெரியாது. ஸ்டியரிங் தண்டைப் பிரித்து, வளைந்திருந்த இணைப்புக் கம்பிகளை நிமிர்த்தி, கியர் கம்பிக்கு முலாம் பூசினோம். மூட்டுகளுக்கு நடுவில் போடும் புஷ்ஷுக்கு மட்டும் சண்டை. "நைலான் போடுங்க சேட், உங்களுக்கப்புறமும் ஓடும்" என்றான். "1955ல் நைலான் புஷ் ஏதுடா?" என்று அந்தக் காலத்து ரப்பர் புஷ்ஷையே, பிரிக்காத பொட்டலமாகத் தேடிப் பிடித்துப் போட்டேன்.

பிப்ரவரியில் பழைய கார்களின் ஊர்வலப் போட்டி. கோப்பை நமக்குத்தான். அதுவரை கார் இங்கேயே இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
மினோச்சர்


பஞ்ச்கனி
18 நவம்பர் 1995

அன்புள்ள மினோ,

உன் கடிதம் கிடைத்தது. முதல் வரியில் என் தோளை விசாரித்திருக்கிறாய். அதற்குப் பிறகு, அந்தத் தோளால் எட்டவே முடியாத இடத்தில் கியரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். இரண்டையும் எழுதியது ஒரே பேனாதானா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடப் படியில் விழுந்த நாளிலிருந்து என் இடது கை நெஞ்சுக்கு மேலே போவதில்லை. ஒரு தடவை தலை வாரிவிடச் சொல்லி தூனிடம் உட்கார்ந்திருக்கிறேன், நீ பார்த்திருக்கிறாய். ஸ்டியரிங் கியரில் முதலாவது கியர் போட வேண்டுமானால் கையைத் தூக்கி முன்னால் தள்ள வேண்டும். அதனால்தானே மலைக்குக் கீழே வாய் ஊர்ப் பட்டறைச் சங்கர் மிஸ்திரி தரையில் கியர் வைத்துக் கொடுத்தார்? அந்தக் காரில்தான் மலையிறங்கிச் சந்தைக்குப் போகிறேன், மலையேறி வருகிறேன், பக்கத்து வீட்டு ஆலுவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். இப்போது வாடகைக் கார். ஓட்டுகிற போஸ்லே தினமும் கேட்கிறான், "டீச்சர், உங்க வண்டி ரிப்பேரா, இல்ல தம்பி வித்துட்டாரா?"

ஓர் உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண். பெஞ்சுத் தோழியின் மூக்குக் கண்ணாடியில் காதுப் பக்கம் பஞ்சும் பிளாஸ்திரியும் சுற்றியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று இவள் அதையெல்லாம் பிய்த்துப் போட்டு, பளபளவென்று துடைத்துக் கொடுத்தாள். கண்ணாடி கடையிலிருந்து வந்தது போலவே இருந்தது. முகத்தில்தான் நிற்கவில்லை. அவளுக்கு வயது பதினொன்று, மன்னித்தேன். உனக்கு ஐம்பத்திரண்டு.

ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, மினோ? தரை கியரைத் திரும்ப வைத்துக் காரை அனுப்பு.

அன்புடன்,
ஹில்லா


தாதர், பம்பாய்
2 டிசம்பர் 1995

அன்புள்ள அக்கா,

இப்படியா எழுதுவது? தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன், காது சிவந்துவிட்டது.

கோபப்பட எனக்கும் உரிமை உண்டு. அப்பா வாங்கிய காரின் தரையில், மீன் டப்பாவைத் திறப்பது போல ஒருவன் ஓட்டை போட்டிருக்கிறான். விளிம்பைக்கூட மழுக்கவில்லை. முதல் தடவை பாயைத் தூக்கிப் பார்த்ததும் அப்படியே திரும்பப் போட்டு மூடிவிட்டேன். முன் சீட்டு முழுப் பலகையாக இருந்தது நினைவிருக்கிறதா? அப்பா, அம்மா, நடுவில் நான். தரை கியர் வந்த பிறகு அந்த நடு இடத்தில் யாரும் கால் வைக்க முடியவில்லை. அது வெறும் கியர் என்று உனக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படியில்லை.

உன்னை நான் நடுத்தெருவில் விட்டுவிடுவேனா? போட்டி முடிந்ததும் காரோடு ஒரு டிரைவரையும் அனுப்புகிறேன். நீ ராணி மாதிரி உட்கார்ந்து போ.

இன்னொரு விஷயம். குடும்பமாக, அந்தக் கால உடையில் வந்தால் போட்டியில் தனி மதிப்பெண் உண்டு. நான் அப்பாவின் வெள்ளை டக்லி அங்கியைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன், பக்கத்தில் தூன். நீ அம்மாவின் பூவேலைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, எப்போதும் போலப் பின் சீட்டு ஜன்னலோரம், மடியில் தண்ணீர்க் கூஜாவோடு உட்கார்ந்தால் போதும். அப்படியே பழைய படம் மாதிரி இருக்கும். உனக்கு ஒரு வேலையும் இல்லை.

வருவாய்தானே?

உன் மினோ


பஞ்ச்கனி
9 டிசம்பர் 1995

மினோச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரமெல்லாம் கழுவினேன். மறுபடி படித்தேன். மறுபடி கழுவப் பாத்திரம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

டிரைவர் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கார் கேட்டேன்.

பின் சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் நீங்கள் மூன்று பேர். பின்னால் நான், கூஜா, டிபன் கூடை. ரோட்டை நான் பார்த்ததில்லை, உங்கள் மூன்று தலைகளின் பின்புறத்தைத்தான் பார்த்தேன். வொர்லி கடற்கரை ரோட்டில் அப்பா உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தாரே, உனக்கு அப்போது பதினாறு வயது. நான் உன்னைவிட நான்கு வயது பெரியவள், பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கியரையும் மனதுக்குள் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நாள் கேட்டுவிட்டேன், "அப்பா, எனக்கு?" அவர் சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா? கட்டிக்கப் போறவன் ஓட்டுவான்." நீயும் சிரித்தாய். அவர் கெட்டவர் இல்லை, என்னைப் படிக்க வைத்தார். ஆனால் கட்டிக்கப் போகிறவன் வரவேயில்லை. நான் பின் சீட்டிலேயே நாற்பதைத் தாண்டினேன்.

அப்பா போன பிறகுதான் சங்கர் மிஸ்திரி அந்தக் கியரை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் கற்றுக் கொடுத்தார். "டீச்சர், முதல்ல கிளட்சை மிதிங்க, சாமியை அப்புறம் கூப்பிடுங்க" என்று கத்துவார். பசரணி மலைப்பாதையில் முதல் தடவை நானே ஏறி வந்து, மேலே நிறுத்தி, இறங்காமல் அழுதேன். விளிம்பு மழுக்காத ஓட்டை என்கிறாய். ஆமாம். அந்த ஓட்டை வழியாகத்தான் நான் முன் சீட்டுக்கு வந்தேன்.

அசல் நிலைக்கு, அசல் நிலைக்கு என்கிறாயே, அந்த அசல் நிலையில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தாயா? நீயே எழுதியிருக்கிறாய், ஜன்னலோரம், மடியில் கூஜாவோடு. ஒரு கீறல் இல்லாமல் என்னையும் பழைய இடத்தில் பொருத்திவிட்டாய். உன் வேலை சுத்தம்தான்.

அப்பா உயிலில் பாதிக் கார் எனக்கு என்று எழுதினார். பின்பாதி என்று எழுதவில்லை.

தரை கியரோடு கார் இந்த வாசலுக்கு வரும்வரை உன் கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

ஹில்லா


தாதர், பம்பாய்
19 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைக் காரோடு யூனுஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் காரைப் பார், பிறகு பிரி. நேரில் வரத் தைரியம் வரவில்லை.

உன் கடிதம் வந்து பல நாள் கொதித்துக்கொண்டிருந்தேன். நியாயம் கேட்டு தூனிடம் படித்துக் காட்டினேன். அவள், "அக்கா கேக்கறது காரை. நீ அனுப்பறது ஊறுகாய். போ, நீயே பின்னாடி உக்காந்து ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றாள்.

வீம்புக்குத்தான் உட்கார்ந்தேன். யூனுஸ் ஓட்டினான். ஹாஜி அலி தர்காவைத் தாண்டியதும் மூன்றாவது கியர் தானாகக் கழன்று வந்தது. நான் அடம்பிடித்துப் போட்ட அந்தக் காலத்து ரப்பர் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்திருக்கிறது. பின்னாலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இரண்டுக்கு மாத்து, கிளட்சை மிதி" என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அவன் திரும்பாமலே, "சேட், பின்னாடி உக்காந்தவங்க பேசக் கூடாது" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் கார், என் கியர், என்னைப் பேசாதே என்கிறான்! வீடு வந்து சேரும்வரை அந்த ஆத்திரத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், அக்கா. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

மறுநாளே தரையை வெட்டச் சொன்னேன். "மூடுன்னீங்க, மூடினேன். இப்பத் தொறன்னு சொல்றீங்க. இது கார் தரையா, கடை ஷட்டரா?" என்று யூனுஸ் ஒரு மணி நேரம் திட்டினான். நல்ல வேளை, சங்கர் மிஸ்திரியின் கியரை அவன் எறியாமல் மூலையில் வைத்திருந்தான். விளிம்பை மட்டும் மழுக்கியிருக்கிறோம், அதற்காவது கோபிக்காதே.

அப்படியே போட்டிக்கும் போனேன். நடுவர் எதுல்ஜி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"மிஸ்டர் மினோச்சர், என்ன இது?"

"கியர்."

"இது ஃபியட்டோட கியர் இல்லையே."

"என் அக்காவோட கியர்."

"அந்தம்மா எங்க?"

"பஞ்ச்கனில. கார் இல்லாம."

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். "வயசான பொம்பளைங்க எதுக்கு ஓட்டணும்? ஒரு டிரைவரைப் போட்டுட்டு இதை ஒரிஜினலா மாத்திக் கொண்டாங்க, அடுத்த வருஷம் கோப்பை உங்களுக்கு" என்றார். நான் உனக்கு எழுதியதே, அக்கா, அச்சு மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது! அடுத்தவன் சொல்லிக் கேட்டதும் காரை விட்டு இறங்கிவிட்டேன். "அவங்க ஓட்டற வரைக்கும் இதை யாரும் தொட முடியாது. உங்க கோப்பையை நீங்களே வெச்சுக்குங்க" என்று அப்பாவின் டக்லியோடு நடுரோட்டில் நின்று கத்திவிட்டேன். தூன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நமக்குக் கடைசிக்கு முந்திய இடம். கடைசி இடம், பாதி வழியில் புகைந்து நின்றுபோன ஒரு மோரிஸுக்கு.

நான் வரலாமா? எழுது.

உன் தம்பி,
மினோ


பஞ்ச்கனி
21 பிப்ரவரி 1996

அன்புள்ள மினோ,

கார் வந்தது. உன் யூனுஸுக்குத் தேநீர் கொடுத்து, வாய் பஸ் நிலையம்வரை நானே கொண்டுபோய் விட்டேன். வளைவுகளில் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். இறங்கும்போது, "டீச்சர், நீங்க சேட்டைவிட நல்லா ஓட்டறீங்க. ஆனா அவரைவிட வேகமா ஓட்டறீங்க" என்றான்.

வா. தூனையும் அழைத்து வா. அதெல்லாம் வந்த பிறகு பேசலாம், இப்போது எனக்கு நேரம் இல்லை. கடைசிக்கு முந்திய இடமா? வயதான பெண்கள் எதற்கு ஓட்ட வேண்டுமாம்? கையுறை போட்டுக்கொண்டு கேட்டாரா? அவருக்கு எழுதத் தொடங்கி நான்கு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டாவது உதாரணத்தில்தான் இருக்கிறேன். அந்த எதுல்ஜியின் விலாசத்தை அடுத்த தபாலில் அனுப்பு.

உன் அக்கா,
ஹில்லா