கர்தினாலின் வலக்கை

14.11.94, திங்கள்
மழை. ஃபாரஸ்ட் கேட்டில் பஸ் பிந்தியது. பார்க்கிங் என்ற ஊரில் உள்ள அச்சகத்தில் என் தற்காலிக வேலைக்குக் கடைசி வாரம். நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

புதிதாக ஒரு ஓவியக் கண்காட்சிக்குச் சுவரொட்டி. முந்நூறு வருடத்துக்கு முந்திய ஆயர்கள், பிரபுக்கள். ஃபிலிமை விளக்கு மேசையில் வைத்துத் தூசி பார்ப்பது மட்டுமே என் வேலை. ஆனால் அந்தக் கர்தினால் என்ன வடிவு! சிவப்புப் பட்டு. லேஸில் ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணலாம். முகம் மட்டும் வீசா அதிகாரியின் முகம்.

வாங்க: மீன், மிளகாய்த்தூள், இவருக்கு இருமல் மருந்து.

15, செவ்வாய்
பஸ்ஸில் திடீரென்று உறைத்தது. கர்தினால் இடக்கையைத் தூக்கியல்லவா ஆசீர்வதிக்கிறார்! ஓடினேன். அந்த ஃபிலிமில் எடுத்த அச்சுப் பிளேட் மெஷினில் ஏறிவிட்டது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. படம் இடம் வலமாக் கிடக்கு."

மெஷின்காரர் சிவம் அண்ணை நிமிரவே இல்லை. "உமக்கேன் பிள்ளை இந்த வேலை? வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

முடியவில்லை. முதலாளி பிரையனிடம் போனேன். ஓவியர் இடக்கைக்காரராக இருந்திருக்கலாம் என்றார். ஓவியர் எந்தக் கையால் வரைந்தால் என்ன, கர்தினால் வலக்கையால்தானே ஆசீர்வதிப்பார் என்றேன். கோயிலில் ஐயர் இடக்கையால் திருநீறு நீட்டினால் நான் வாங்கமாட்டேன் என்றும் சொன்னேன். விளங்கியதோ தெரியாது.

மெஷின் நின்றது. ஓவியத்தைப் பார்த்துச் சொல்லக் காட்சியகத்தில் பொறுப்பான அம்மாள் இல்லை, நாளைக்குத்தான் வருவாராம். ஒரு நாள் வீண் என்றார் பிரையன், என்னைப் பார்க்காமல்.

வீட்டில் இவர்: "உனக்கு விசர் பிடிச்சிட்டுதே?"

16, புதன்
பதினொரு மணிக்கு அந்த அம்மாள் தொலைபேசியில். ஓவியத்துக்கு முன்னால் போய் நின்று பார்த்தாராம். வலக்கை!

எங்கள் அச்சகத்தில்தான் யாரோ ஃபிலிமை மறுபுறம் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு வேறு ஃபிலிம், அது நேராக இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்தாயிரம் பிரதி தப்பியது. நான் ஓவியம் படித்தவளா என்று கேட்டார் அம்மாள். கணக்கியல் என்றேன்.

பெருமையாக இருக்கிறது. என் நாட்குறிப்புக் கொப்பிதானே, இன்னொரு தரம் எழுதுகிறேன்: பெருமையாக இருக்கிறது.

இவர் மாலைக்குள் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அவர் கதையில் நான் மெஷினைக் கையால் பிடித்து நிறுத்தினேனாம். நேற்று விசரி, இன்று வீராங்கனை.

17
தடிமன், மூக்கடைப்பு. வேலை, வீடு, படுக்கை.

18, வெள்ளி
நிரந்தரம்! கடிதம் கையில். நாலு தரம் வாசித்தேன்.

இனி என் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிளேட்டும் மெஷினில் ஏறாதாம். பிரையனின் உத்தரவு. பின்னேரம் சிவம் அண்ணை அடுத்த சுவரொட்டியின் புரூஃபோடு வந்து நின்றார்.

"கெதியா ஒரு கையெழுத்தை வையும் பிள்ளை, மெஷின் சும்மா நிக்குது."

ஒரு பிரபு. வாள் இடது இடுப்பில், வலக்கையால் உருவத் தோதாக. ஒரே பார்வையில் எல்லாம் சரி. இருந்தாலும் அண்ணையைப் பத்து நிமிடம் நிற்க வைத்தேன்.