துறைமுகச் சந்தையில் உன் பெயரைச் சொன்னேன்

என் உயிரான நைனாவுக்கு,

இத்தனை வருடமாக உன் கல்லறைக்கு வருவேன், புல்லைப் பிடுங்குவேன், ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவேன். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. பட்டணத்துத் துறைமுகச் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். சாலமன் சித்தப்பாவைப் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் போய்விட்டான் நைனா. திருத்தணி தாலுகா ஆபீசில் கொடி மாறிவிட்டது. நான் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன், ரவிக்கை தைப்பதில் எனக்குப் பேர் இருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. "நாய்க்கறிக்காரன் பொண்ணா" என்று கேட்டுவிட்டு இரண்டு வரன்கள் போன பிறகு அம்மா தேடுவதை விட்டுவிட்டாள்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருடம் அது. சந்தையில் நீ இருபது வருடம் அடுப்படியில் நின்ற அந்தச் சுட்ட கறிக் கடையின் முதலாளியும் ஊரைவிட்டுப் போனார். "நான் திரும்பி வந்தா இந்தக் கடை உனக்குத்தான் ஞானமுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது பக்கத்தில் நின்று கரி விசிறிக்கொண்டிருந்தவன் சாலமன். மணவூரிலிருந்து நீயே கூட்டிக்கொண்டு போய் வேலைக்குச் சேர்த்தவன். நம் சபைக்காரன். சொந்தமில்லை, ஆனாலும் நான் சித்தப்பா என்று கூப்பிட்டவன்.

பத்து நாள் கழித்து உன் அடுப்புக்குப் பின்னால் ஒரு நாயின் தோல் கிடைத்தது. நாய்க்கறி விற்றான் என்று கப்பலில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்தத் தோலை உன் கழுத்தில் போட்டு, சந்தையின் பெரிய வாசல் வரைக்கும் உன்னை இழுத்துக்கொண்டு போனார்கள். நீ ரயிலேறி வீட்டுக்கு வந்தாய். உனக்கு முன்பே சேதி வந்துவிட்டிருந்தது. முதலாளி திரும்பி வந்ததும் கடை சாலமன் கைக்குப் போனது.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு வழக்கம்போலக் கோயில் தோட்டத்தில் நீ கறி சமைத்தாய். எலிசபெத் பெரியம்மா இலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீ கரண்டியோடு அப்படியே நின்றாய். கிறிஸ்துமசுக்கு முன்னால் போய்விட்டாய். டாக்டர் ஏதோ காய்ச்சல் என்றார். அது காய்ச்சலா நைனா?

இந்தக் கோடையில் ஒரு கிழவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் கடைக்கு ஆட்டுக்கறி போட்டுக்கொண்டிருந்த கரீம் பாய். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஆடு வாங்க வந்தவர், உன்னைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நீ இல்லை என்று சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தோலை சாலமன் தாம்மா கொண்டாந்து வச்சான். சாக்குல சுத்திகினு வந்தத நான் பாத்தேன். அப்ப எதுக்குன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சப்போ வாயத் தொறக்கல. எனக்கும் அந்தக் கடை வியாபாரம் வேண்டியிருந்திச்சு."

நான் அழவில்லை. அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். "எங்க நைனா செத்தப்புறம் என்கிட்ட சொல்லி என்னா பிரயோஜனம் பாய்? யாரு முன்னாடி அவர இழுத்துகினு போனாங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு வயசாயிட்ச்சும்மா."

"எங்க நைனாவுக்கு வயசாகவே இல்ல பாய்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்கே நாள் குறித்தேன், எனக்கும் மிஷினுக்கும் ஓய்வு. காவடியும் அரோகராவுமாக ஜனம் வண்டி வண்டியாகத் திருத்தணியில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்க வண்டியில் ஏறினேன். பெட்டியில் என்னோடு நாலே பேர். அரக்கோணம் தாண்டும்வரை நான் சொல்லப்போவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தச் சந்தையைப் பற்றி நீ எவ்வளவு சொல்லியிருப்பாய். கும்பினிக்காரன் காலத்துக் கல்வாசல், இரும்புக் கூரை, கூரையில் தட்டித் திரும்பும் புகை. எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான். வாசலுக்குள் நுழையும் முன்பே கொழுப்பு உருகித் தணலில் விழும் வாசனை வந்துவிட்டது. வரிசையாக அடுப்புகள், கம்பியில் கோத்த ஈரல், விலாக்கறி. மூட்டை தூக்குகிறவர்களும் கப்பல்காரர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு தின்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததே எனக்கு ஆத்திரமாக இருந்தது. நீ இருக்க வேண்டிய இடம் அது.

உன் கடை நாலாவது. பெண்களுக்கென்று திரை போட்ட அறையைக் காட்டினார்கள். வேண்டாம் என்று அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். விலாக்கறி கேட்டேன். முதல் துண்டை வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது நைனா. பப்பாளிக்காய் அரைத்து ஊற வைப்பது, கடைசியில் வறுத்த தனியாவைத் தூவுவது, எல்லாம் உன் கைப்பக்குவம். ஒரு துண்டு விடாமல் தின்றேன். உன் கறியை அவனுக்கு மிச்சம் வைக்க எனக்கு மனசில்லை.

சாலமன் பருத்துப் போயிருந்தான். தோளில் ஜரிகைத் துண்டு. என் பக்கம் வந்து, "கறி எப்பிடி இருக்குது தாயி?" என்றான்.

"எங்க நைனா சுட்ட மாதிரியே இருக்குது."

"ஆங், அப்பிடியா. யாரு உங்க நைனா?"

"திருத்தணி ஞானமுத்து."

அவன் சிரிப்பு நின்றுபோனது. குனிந்து, "எஸ்தரா? உள்ள வாம்மா, பேசலாம்" என்றான்.

"இங்கியே பேசலாம் சித்தப்பா. அவர இங்கதான இழுத்தாங்க."

சொல்லிவைத்தபடி வாசலில் காத்திருந்த கரீம் பாய் உள்ளே வந்தார். அவரை எல்லோருக்கும் தெரியும், நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சாக்கு, தோல், வைத்த கை, எல்லாவற்றையும் சொன்னார். "நான் அந்தக் கடைக்குப் போட்டது பூரா ஆட்டுக்கறி. ஞானமுத்து வேற எதையும் தொட்டதில்ல. நான் வாய மூடிகினு இருந்தது அல்லாவுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியட்டும்."

பக்கத்து பெஞ்சிலிருந்து நரைமீசைக்காரர் ஒருவர் எழுந்தார். மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி. "தோல அவர் கழுத்துல போட்டது நான்தான்" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலமனையே பார்த்தார். "நீதானடா என்னைக் கூப்ட்டு காட்டினே. சொல்லு. மெய்யா பொய்யா?"

சாலமன் பொய் சொல்லியிருக்கலாம். மேஸ்திரியின் கண்களைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை என்று நினைக்கிறேன். "அந்தாளு இருந்தா நான் காலம் பூரா கரி விசிறிகினுதான் இருந்திருப்பேன்" என்றான்.

மேஸ்திரி தன் தட்டை எடுத்து, கறியை அடுப்புச் சாம்பலில் கொட்டினார். அவருடைய ஆட்களும் கொட்டினார்கள். குமாஸ்தாக்கள் எழுந்து போனார்கள். கடைசியில் பெஞ்சில் நான் ஒருத்திதான். சாலமன் கம்பியோடு நின்றான், நீ கரண்டியோடு நின்ற மாதிரி. நான் நன்றாகப் பார்த்தேன். அவசரமே படாமல் பார்த்தேன்.

மேஸ்திரி என்னிடம் கை கூப்பினார். "மன்னிச்சிடு தாயி."

"மன்னிக்க வேண்டியவர் மண்ணுக்குள்ள இருக்குறார்" என்றேன். அவர் தலை குனிந்து போய்விட்டார். அவரிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. சாலமன் விஷயத்தில் அப்படித் தோன்றவே இல்லை.

"நான் என்னா பண்ணணும், சொல்லு" என்று அவன் என் பின்னாலேயே கல்வாசல் வரை வந்தான்.

"ஞாயித்துக்கிழமை நம்ம கோயிலுக்கு வா. ஆராதன முடிஞ்சதும் எழுந்து நின்னு இதையே சொல்லு. வரலன்னா கரீம் பாயைக் கூட்டிகினு மணவூருக்கு வருவேன். உன் ஆத்தா உசிரோடதான இருக்குறாங்க?"

வந்தான். நம் கோயிலில், எல்லோரும் பார்க்க, எழுந்து நின்று சொன்னான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எலிசபெத் பெரியம்மா முகத்தைத் தொங்கப் போட்டாள். பாதிரி ஐயர் எழுந்து, ஆண்டவர் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் கால் வைக்க ஆள் இல்லையாம். ஒரு மாதத்தில் மூடிவிட்டானாம். கரீம் பாய் கடிதம் எழுதினார். போன வாரம் மணவூரிலிருந்து சாலமனின் மனைவி வந்தாள். அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம், படுத்த படுக்கையாம். "மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா, நிம்மதியாப் போயிடுவார்" என்று அழுதாள். அம்மாவே போய்விட்டு வாயேன் என்கிறாள்.

நீயாக இருந்தால் போயிருப்பாய், சொல்லியும் இருப்பாய். அது எனக்குத் தெரியும். உனக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒருவேளை எனக்காகவும்தானோ?

நாளைக்குக் காலை வண்டியில் மணவூருக்குப் போகிறேன் நைனா. அவன் தலைமாட்டில் உட்காருவேன். வாய் உலர்ந்தால் தண்ணீர் கொடுப்பேன். கைகால் சில்லிட்டால் தேய்த்து விடுவேன். அவன் கேட்கும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன். கடைசி மூச்சு வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

ஞானமுத்துவின் மூத்த மகள்,
எஸ்தர்