மடுத்தீன் என்று எழுதிய கல்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
8 செப்டெம்பர் 2025

சுகிர்தம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குரற்பதிவு சனிக்கிழமை கிடைத்தது. இனிமேல் எழுதி அனுப்புங்கள், குரற்பதிவு வேண்டாம். காரணம் சொல்லாமல் விட்டால் வேறுவிதமாக எடுத்துக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் பேசி முடிக்கிற இடத்தில் பின்னால் யாரோ இருமுகிறார்கள். இருமிவிட்டுத் தொண்டையைச் செருமுகிறார்கள். சேந்தன் அண்ணா உயிரோடு இருந்தபோது அப்படித்தான் இருமுவார். எனக்கு இப்படியான விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. உங்கள் வீட்டுக்கு அன்று யாராவது வந்திருப்பார்கள். இருந்தாலும் அந்தப் பதிவை நான் இன்னொரு தரம் கேட்கப்போவதில்லை.

நீங்கள் சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். மண்ணில் புதைத்தவர்களைப் பத்து வருடம் கழித்துத் தோண்டி எடுப்பது உங்கள் ரெஜியோ நகரசபையின் வழக்கம். அண்ணாவின் முறை ஒக்டோபர் 21. அன்று எலும்புகளை ஒரு சிறு பெட்டியில் போட்டு மயானத்து அறையில் வைப்பார்கள். மறுநாள் காலை அதைச் சுவர் மாடத்துக்குள் வைத்து மூடி, புதிய பெயர்ப்பலகைக்குப் பெயர் கேட்பார்கள்.

நான் 21ஆம் திகதி காலை விமானத்தில் பொலோனியா வந்து, ரயில் எடுத்து உங்களிடம் வருவேன். அன்று மாலையே திரும்பிவிடுவேன். இரவு தங்க முடியாது.

இனிப் பெயர். மடுத்தீன் என்பவருடைய கடவுச்சீட்டில் அண்ணா இத்தாலிக்கு வந்தார். அந்தப் பெயரிலேயே பதிந்தார், வேலை செய்தார், உங்களைக் கட்டினார், இறந்தார். கல்லிலும் அதே பெயர். உண்மையான மடுத்தீன் இங்கே, பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் உயிரோடு இருக்கிறார். ரோய்சி விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றுகிறார். லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் அவர் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துத் தெரிவதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை குத்துகிறவள் நான். ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் விசா நின்றுவிடும். அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டில் அண்ணாவைச் சேந்தன் என்று கூப்பிட்டவர்களில் மிஞ்சியிருப்பவள் நான்தான். இந்த முறை பலகையில் அவருடைய சொந்தப் பெயர் இருக்க வேண்டும். அவருடைய பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
நிரோஜினி

*

ரெஜியோ எமிலியா
19 செப்டெம்பர் 2025

அன்பான மச்சாளுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். நான் பார்த்துக்கொள்கிற இத்தாலியக் கிழவி பகலில் தூங்குகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

அன்று வீட்டில் யாரும் இல்லை. கிழவி மகளோடு வைத்தியரிடம் போனதால் எனக்கு வேலை இல்லை, என் வீட்டில் தனியேதான் இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்தேன். இருமல் கேட்கிறதுதான். எனக்குப் பயம் வரவில்லை மச்சாள், கோபம்தான் வந்தது. பத்து வருடமாக எங்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன், எனக்கு ஒரு நாளும் இருமிக் காட்டாத மனுசன் தங்கச்சிக்கு இருமுகிறார்.

நீங்கள் பகலில் வந்து பகலில் போவதாக எழுதியதை நாலு தரம் வாசித்தேன். செத்தவீட்டுக்கும் அப்படித்தான் வந்தீர்கள். மயானத்தால் நேரே ஸ்டேசனுக்குப் போனீர்கள், என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவரைப் புதைத்தது உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். மன்னார் வேதக்காரி அவரைக் கட்டினதும் பிடிக்கவில்லை. அதை நான் இப்போது கிளறவில்லை. ஆனால் அந்தப் பெட்டி ஓர் இரவு முழுக்க அறையில் தனியே இருக்கப்போகிறது. நீங்களும் நாங்களும் வேறு வேறு சமயமென்றாலும், இறந்தவரை இரவில் தனிய விடாதது இரண்டு பக்கத்திலும் ஒன்றுதானே? அறையைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே விடமாட்டார்கள். வாசலில் உட்கார ஒரு வாங்கு இருக்கிறது. அதில் இருப்போம். குளிர்ந்தால் வீட்டுக்கு வந்து படுங்கள். உங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது அவர் வாழ்ந்த வீட்டில் ஓர் இரவு படுத்து எழும்பவில்லை.

பெயர் விஷயம். நான் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடுத்தீன் என்றும் இல்லை, சேந்தன் என்றும் இல்லை. எனக்கு அவர் "இஞ்சாருங்கோ". அதனால் கல்லில் என்ன இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் என்னுடைய பத்திரங்களில் நான் மடுத்தீனின் விதவை. இந்த நாட்டில் நான் இருப்பதே அந்த ஒரு சொல்லால். அது பொய் என்று நீங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், என்னிடம் கேட்பார்கள், "அப்ப நீ யாரைக் கட்டினாய்?" என்று. நான் என்ன சொல்ல?

அன்புடன்,
மச்சாள் சுகிர்தம்

*

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
2 ஒக்டோபர் 2025

சுகிர்தம் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் தேடினேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பெயர்கள் சொல்லாமல் கேட்டேன். ஆபத்து வரலாம், வராமலும் போகலாம் என்றார். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் மடுத்தீனைச் சந்தித்தேன். வழக்கமாகத் தலையாட்டிவிட்டு விலகிவிடுவேன். அன்று அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, என்னை வெளியிலை எடுக்கப்போகினமாமே?"

"ஆர் சொன்னது?"

"சுகிர்தம்தான், போனிலை. என்ரை கல்லறையை எனக்குச் சொல்லாமலே திறப்பினம்?" என்று சொல்லிக் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "பத்து வருசமா அந்தப் பிள்ளை என்ரை பேருக்குப் பூசை குடுக்குது. அதாலைதான் என்ரை சுகர் கட்டுப்பாட்டிலை நிக்குது. டொக்டர் தன்ரை குளிசை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"எத்தினை நாள் நிக்கிறியள்?" என்று மடுத்தீன் கேட்டார்.

"அண்டைக்கே திரும்பிடுவன்."

"அதென்ன, மியூசியமே? காலமை போய்ப் பாத்திட்டுப் பின்னேரம் வர?"

வேலை இருக்கிறது என்றேன்.

"ஓம் ஓம், போட்டு வாங்கோ. உங்கடை முத்திரை பாவம், தனியப் படுக்கப் பயப்பிடும்."

அந்த மனிதரோடு எனக்குப் பேச்சு வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன். இனி எழுதப்போவதை நீங்கள் பெரிதாக எடுக்க வேண்டாம். கடைத்தெருவில் சனக்கூட்டம். முன்னால் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனார். நடை அண்ணாவின் நடை. மெத்ரோ வாசல்வரை அவர் பின்னால் போனேன். படியில் இறங்கும்போது திரும்பினார். முகம் தெரியாத, வயதில் சின்ன ஒருவர். இந்த மாதத்தில் இது முதல் தடவை இல்லை. களைப்பாக இருந்தால் கண் இப்படியெல்லாம் செய்யும்.

விமானச்சீட்டு எடுத்துவிட்டேன். போவதும் வருவதும் 21ஆம் திகதியே. மொழிபெயர்ப்பும் முடிந்துவிட்டது.

நிரோஜினி

*

ரெஜியோ எமிலியா
11 ஒக்டோபர் 2025

அன்பான மச்சாளுக்கு,

சரி, பகலில் வாருங்கள். நான் இனி மறிக்கவில்லை. ஸ்டேசனில் நிற்பேன். கறுப்புக் குளிர்ச்சட்டையும் மண்ணிறச் சால்வையும் போட்டிருப்பேன், பத்து வருடத்தில் நீங்கள் என்னை மறந்திருக்கலாம்.

பெயர் விஷயத்தில் உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள். அவர் உங்களோடு பிறந்தவர், என்னிடம் பிறகுதான் வந்தவர். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அலுவலகத்தில் சொல்வதற்கு முதல் என்னிடம் தமிழில் சொல்லிவிடுங்கள். வேற்றுமொழியில் பக்கத்தில் நின்று கேட்டு அறிய எனக்கு விருப்பமில்லை.

நாள் நெருங்க நெருங்க நான் வீட்டுக் கதவைப் பூட்டாமல் படுக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சுகிர்தம்

*

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
25 ஒக்டோபர் 2025

சுகிர்தம் அவர்களுக்கு,

அன்று நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதியை எழுதுகிறேன்.

அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் நான் பையிலிருந்து மொழிபெயர்ப்பு இருந்த உறையை வெளியே எடுத்ததைப் பார்த்தீர்கள். மறுபடியும் உள்ளே வைத்ததையும் பார்த்தீர்கள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் என்னைப் பார்த்து, "இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டாள். பதில் மிகச் சுலபமானது. இருபது வருடமாக மற்றவர்களுக்காக அதே கேள்வியை மொழிபெயர்த்திருக்கிறேன். நான் குனிந்து மேசையைப் பார்த்தேன். பக்கத்தில் உங்கள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நகம் வெளுத்துப் போயிருந்தது.

பிறகு மயான வாசலில் உறையை உங்கள் கையில் திணித்துவிட்டு, "காலமை நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சமைத்து வைத்திருக்கிறேன் என்றீர்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நான் மேடையிலேயே நின்றேன். யோசித்து நின்றேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டி எவ்வளவு சிறியது என்பது மட்டும் தலைக்குள் இருந்தது. ஆறடி மனிதர் அவர். உயரம் காரணமாக அம்மா அவருக்கு வேட்டியே தேடித் திரிவா.

மயானத்துக்கு நடந்து திரும்பி வந்தேன். இருட்டிவிட்டது. வாசல் பூட்டியிருந்தது, மேலே ஒரு விளக்கு. தெருவுக்கு மறுபக்கத்தில், மரங்களுக்குக் கீழே நின்றுகொண்டேன். வாங்கில் நீங்கள் இருந்தீர்கள். மடுத்தீன் இருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரியவில்லை. நீங்கள் செபமாலை சொல்ல, அவர் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருந்தார்.

முகம் தெரியவில்லை. சற்றுக் குனிந்த முதுகு, தோள். நீங்கள் ஒரு தடவை அவர் பக்கம் திரும்பிக் கையை வைத்து எதையோ சரிசெய்தீர்கள். மூடிக்கொள்ளச் சொல்வதுபோல. மடுத்தீன் குவளையொன்றில் எதையோ ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தார்.

என்னால் தெருவைக் கடக்க முடியவில்லை. கடந்தால் அவர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்பத்தெட்டு வயதில், படித்தவள், இப்படி நினைத்தேன். குளிரில் கால் மரத்துப்போன பிறகு ஸ்டேசனுக்கு முன்னால் உள்ள விடுதிக்குப் போனேன். உடுப்பு மாற்றாமல், விளக்கை அணைக்காமல் விடியும்வரை இருந்தேன். காலையில் புதிய சீட்டு எடுத்துக்கொண்டு பாரிஸ் வந்துவிட்டேன். மாடத்தை மூடும்போது நான் அந்த ஊரில்தான் இருந்தேன், ஆனால் அங்கே இல்லை.

அந்த மூன்றாவது ஆள் யார்? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக எதையும் சேர்க்க வேண்டாம்.

பலகையில் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை உங்கள் கையில் தந்துவிட்டுத்தானே வந்தேன்.

நிரோஜினி

*

ரெஜியோ எமிலியா
3 நவம்பர் 2025

அன்பான மச்சாளுக்கு,

நேற்று இறந்தோர் தினம். மயானம் முழுக்க மெழுகுதிரி. அதனால்தான் பதில் பிந்திவிட்டது.

தேற்றுவதற்குச் சேர்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கவில்லை. வாங்கில் நாங்கள் இரண்டு பேர்தான். நடுவில் இருந்தது மடுத்தீன் அண்ணையின் குளிர்ச்சட்டை. விமான நிலையத்தில் கொடுக்கிற தடித்த சட்டை, கழற்றிப் போட்டாலும் ஆள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். சரியச் சரிய நான் தூக்கி நிமிர்த்தி வைத்தேன்.

அது ஏன் அங்கே இருந்தது என்பதையும் சொல்கிறேன். உங்களை நாங்கள் கண்டோம். மரத்துக்குக் கீழே கையில் பையோடு ஒரு பெண் நிற்கிறா. நான்தான் முதலில் கண்டேன். யாரோ புதைகுழியால் எழும்பி வந்து நிற்கிறது மாதிரித்தான் இருந்தது மச்சாள், அவ்வளவு அசையாமல் நின்றீர்கள். "நிரோஜினி" என்று கூப்பிட வாயெடுத்தேன். அண்ணை கையைப் பிடித்தார். "கூப்பிடாதை பிள்ளை, கூப்பிட்டா ரயிலுக்கு நேரமெண்டு ஓடிடும். இடத்தைப் பிடிச்சு வைப்பம், தானா வரட்டும்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி நடுவில் போட்டார். அந்தக் குளிரில் வெறும் பெனியனோடு மனுசன் இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றி வைத்ததும் உங்களுக்குத்தான். ஆறிப் போக, கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். பிளாஸ்கு முடியும்வரை ஊற்றினார். பிறகு பார்த்தால் மரத்தடியில் நீங்கள் இல்லை.

விடியும்வரை இருந்தோம். அண்ணையை வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றேன். "என்ரை பேரிலை கிடக்கிறவனை நான் எப்பிடித் தனிய விடுறது?" என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டிருக்காமல், "ஆனா இவன் எனக்கு ஒரு கடன் வைச்சிட்டான், என்ரை பேரிலை செத்திட்டான், சாகேக்கை நான் வேறை பேர் தேடவேணும்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

காலையில் கல் வெட்டுகிற மனிதர் வந்து பலகைக்குப் பெயர் கேட்டார். உங்கள் உறை என் மடியில் இருந்தது. நான் உடைக்கவில்லை. மடுத்தீன் என்றே சொன்னேன். மன்னியுங்கள். ஆனால் கீழே சின்னதாக ஒரு பூவேலை வேண்டும் என்று சொல்லி, ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். சேந்தன் என்று. தமிழில். கட்டி இத்தனை வருடத்தில் அவருடைய பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தரம். "இது பூவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வடிவான கொடி" என்றார்.

போன கிழமை பதித்துவிட்டார். நேற்று எல்லாச் சனமும் அதைக் கடந்து போனது. ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு பிழை. மேலே வைத்த புள்ளிகளைப் பேனை மை சிந்தியது என்று நினைத்து அவர் விட்டுவிட்டார். "சேநதன" என்று இருக்கிறது. எனக்குப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் முகம்தான் வருகிறது. இரண்டு புள்ளி, மச்சாள். நான் வைக்கலாம். ஆனால் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். அது உங்கள் வேலை.

கல்லைத் திரும்ப வெட்டத் தேவையில்லையாம். கறுப்புப் பூச்சுத் தருவார், தூரிகை தருவார், நாங்களே வைக்கலாம். ஆனால் காலையில் ஒருதரம் பார்த்து மேலே இன்னொரு தரம் பூச வேண்டும் என்றார்.

பூச்சுக் காய ஓர் இரவு வேண்டுமாம்.

உங்கள் மச்சாள்,
சுகிர்தம்