செத்தவீட்டு நேரலையும் முதுமாணி விண்ணப்பமும்

இன்று காலை கமராப் பையைத் திறந்தேன். சாம்பிராணி மணந்தது. உதறி, துடைத்து, வெயிலில் போட்டு என்ன செய்தும் உங்கள் ஊர் நாரந்தனைத் தேவாலயத்துப் புகை அந்தத் துணியை விட்டுப் போகிறதாக இல்லை. நாளை திரைப்படக் கல்லூரிக்காரர் கணினி வழியாக என்னை நேர்முகம் காணப்போகிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படியான நேரங்களில் உன்னிடம்தான் ஓடி வருவேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

திரைப்படத்தில் முதுமாணிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்போம் என்று தொடங்கி வைத்ததே நீ. எல்லாக் கல்லூரிகளும் குறும்படம் ஒன்று கேட்டன. நாம் இருவரும் அதுவரை எடுத்ததோ கலியாணவீடும் செத்தவீடும். வெளிநாட்டிலிருக்கும் சனத்துக்கு நேரலை போடுவதுதான் நம் தொழில். செத்தவீட்டு நேரலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வந்தவர்களை முகம் முகமாகக் காட்டி, சொந்தங்களுக்கு வந்து, பெற்றவர்களுக்கு வந்து, கடைசியாகப் பெட்டிக்குள் இருப்பவரின் முகத்தில் முடிக்கவேண்டும். ஒரு பெரியம்மா விடுபட்டாலும் ரொறன்ரோவிலிருந்து சண்டைக்கு வருவார்கள்.

அந்தப் பழக்கதோஷத்தில், நெடுந்தீவுப் படகில் குறும்படம் எடுக்கப் போனபோதும் ஒருவரையும் விடாமல் வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தேன். நீ பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடி, படகிலை வந்த சனமெல்லாம் செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் கிடக்கு. பெட்டி மட்டும்தான் இல்லை!"

"அப்ப எங்களாலை ஏலாது எண்டு விடுவமோ?"

"ஏன் விடோணும்? வாற கிழமை திரும்பப் போய் எடுப்பம்."

அந்தக் கிழமை உனக்குக் காய்ச்சல். டெங்கு என்று யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நீ பெட்டியில்தான் வந்தாய்.

பிரான்சிலிருந்து உன் அண்ணா வரமுடியவில்லை. "தங்கச்சி, நீங்கள்தான் எடுக்கோணும். வேறை ஆரும் எடுத்தா என்னாலை பாக்க ஏலாது" என்று என்னிடம் போனில் அழுதார். எடுத்தேன். தேவாலயத்தில் வாங்கு வாங்காக உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைக் காட்டிக்கொண்டு வந்து உன் அம்மாவிடம் நின்றேன். அவர் அழவில்லை. அதற்குள்ளே பிரான்சிலிருக்கும் மகன் இருக்கிறான் என்பதுபோல கமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமியார் செபத்தை முடித்தார், ஆட்கள் எழுந்தார்கள், பெட்டியை மூடினார்கள். என் கமரா அசையவேயில்லை.

பல மாதங்கள் கழித்து, விண்ணப்ப முடிவுநாள் நெருங்கியபோது, என்னிடம் அனுப்பக்கூடியதாக இருந்தது அந்த ஒரு காட்சிதான். உன் சாவைக் காட்டி இடம் பிடிக்கிறேனோ என்று தோன்றியது. கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. உங்கள் வீட்டுக்குப் போனபோது உன் அம்மா முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அதிலை அவளின்ரை முகம் இருக்கோ பிள்ளை?"

"இல்லை அன்ரி."

"ஏன் எடுக்கேல்லை?"

அவர் மீன்களைப் புரட்டிப் போட்டார். பிறகு, "சரி, அனுப்பு. நீயாவது போ" என்றார்.

அனுப்பினேன். கல்லூரியிலிருந்து பதில் வந்தது. தாயின் முகத்தை விட்டு விலகாமல் நின்ற துணிச்சலைப் பற்றி என்னோடு பேச விரும்புகிறார்களாம். பொருத்தமான ஆங்கில வசனங்களைப் பாடமாக்கிப் பார்க்கிறேன். மௌனம், காலம், துயரம் என்று நல்ல நல்ல சொற்களெல்லாம் வருகின்றன. நீ இருந்தால் இந்நேரம் தலையில் குட்டியிருப்பாய். ஒரேயொரு கேள்வி கேட்டார்களானால் அவ்வளவும் சரிந்துவிடும்: அடுத்து ஏன் கமராவைத் திருப்பவில்லை?

உன் அம்மாவுக்கு அடுத்து நீ இருந்தாய். அதுதான் காரணம். ஒரு சாண் திருப்பினால் உன் முகம் வந்திருக்கும்.

நாளை உள்ளதைத்தான் சொல்லப்போகிறேன். பயந்துதான் நின்றேன் என்று. அதைக் கேட்டுவிட்டு அவர்கள் என்னை வேண்டாமென்று சொல்லக்கூடும். ஆனாலும் இந்தப் பயத்தைத் துணிச்சல் என்று சொல்லி அவர்களிடம் கொடுத்துவிட என்னால் ஏலாது. ஊர் முழுக்க வரிசையில் வந்து உன் முகத்தைப் பார்த்து, அழுது, வீட்டுக்குப் போய்விட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை.