பட்டை பச்சையில் இருக்கிறது

நிலவின் தென்முனை, பனிச்சுரங்கம், முதலாம் நிலையம்
பதிவு செய்பவர்: அஞ்சுகம், நீர் ஆய்வாளர்

நாள் 112, 08:20

நடந்தது: ராயப்பன் அண்ணன் கடைசி ஊறுகாய்ப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு, வெற்று உறையைப் பெட்டியிலேயே திருப்பி வைத்திருந்தார்.
உடலில்: தாடை இறுகியது. காது சூடானது.
செய்தது: மூன்று மூச்சு. உறையைக் குப்பையில் போட்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்காக ஒரு விளக்கம். இங்கே இருவர்தான் இருக்கிறோம். அண்ணன் துளையிடும் இயந்திரத்தை ஓட்டுகிறார், தூத்துக்குடிக்காரர். சின்னச் சண்டைகள் பெரிதாகாமல் இருக்க இருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். மனம் அமைதியாக இருந்தால் பச்சை, எரிச்சல் வந்தால் மஞ்சள், கோபமோ பயமோ மிஞ்சினால் சிவப்பு. நிறம் மாறினால் பதில் பேசுவதற்கு முன் மூன்று மூச்சு விட வேண்டும். பிறகு இந்த மூன்று வரிகளை எழுத வேண்டும்.

எனக்கு இது புதிதல்ல. கத்துகிற வீட்டில் வளர்ந்தேன். ஒருவராவது கத்தாமல் இருக்கட்டும் என்று சிறுவயதிலேயே முடிவு செய்திருந்தேன். நேர்முகத் தேர்வில் எனக்குக் கிடைத்த அதிக மதிப்பெண் வேதியியலில் அல்ல, நிதானத்தில்.

நாள் 131, 19:00

நடந்தது: என் தண்ணீர் மாதிரிக் குப்பியில் அண்ணன் டீ போட்டுக் குடித்தார். ஒரு வார வேலை போயிற்று.
உடலில்: ஒன்றும் இல்லை.
செய்தது: மூன்று மூச்சு. தேவைப்படவில்லை, பழக்கத்தில் விட்டேன்.

உள்தொடர்பில் அவர் சொன்னது: "ஏளா, ஒரு வார்த்த ஏசித் தொலையேன். ஒரு பச்ச லைட்டு கூட குடித்தனம் நடத்துத மாதிரில்லா இருக்கு."

இந்த மாதமும் எல்லா நிலையங்களிலும் நிதானத்தில் நானே முதலிடம் என்று பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டிலிருந்து பாராட்டு வந்தது. படித்தேன். மூடிவைத்தேன்.

நாள் 140, 10:40

குழியின் விளிம்பு இடிந்து அண்ணன் உள்ளே விழுந்துவிட்டார். வெளியே போய்ப் பார்த்தேன். இடது காலின் மேல் பனிப்பாறை கிடக்கிறது. என்னால் அசைக்க முடியவில்லை. பாரந்தூக்கி வண்டியால் முடியும். அவருடைய பட்டை நசுங்கிவிட்டது. வானொலி வேலை செய்கிறது. நான்கு மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது. வண்டி ஒன்றரை மணி நேரத் தொலைவில் நிற்கிறது.

உள்ளே வந்து தரைக்குச் செய்தி அனுப்பினேன்.

11:05

தரையில் பணியிலிருப்பவர் ஜெகதீசன். அவருடன் பேசியது அப்படியே:

"மேடம், செய்தி வந்துச்சு. ஆனா உங்க பட்டை பச்சைல இருக்கே. இது பயிற்சியா?"

"பயிற்சி இல்ல சார். தயவுசெஞ்சு வண்டிய அனுப்புங்க."

"ரெண்டாம் நிலையத்துல ரெண்டு பட்டையும் சிவப்பு. வண்டி தானா அங்க கிளம்பிடுச்சு."

"அங்க என்ன சார்?"

"சார்ஜர் யாரோடதுன்னு சண்டையாம். கைகலப்பு ஆயிடுச்சு போல."

எல்லா நிலையங்களுக்கும் வண்டி ஒன்றுதான். முன்பெல்லாம் கேட்கிற நிலையத்துக்கு அனுப்பினார்கள். எல்லோரும் தங்களுடையதே அவசரம் என்றார்கள். அதனால் இப்போது யார் சொல்வதையும் கேட்பதில்லை. பட்டை எங்கே சிவக்கிறதோ அங்கே போகிறது.

"நான் நம்புறேன் மேடம். சிஸ்டம் நம்பணுமே. மேல பேசிட்டிருக்கேன். அதுக்குள்ள உங்க பட்டை சிவந்துட்டா, புதுச் சிவப்புக்குத்தான் முன்னுரிமை, வண்டி தன்னால உங்க பக்கம் திரும்பிடும்."

11:30

நின்ற இடத்தில் ஓடினேன். திரையில் 'உடற்பயிற்சி' என்று வந்தது. பச்சை.
சூடான தட்டில் விரலை வைத்தேன். 'சிறு காயம்'. பச்சை.
அப்பா இறந்த நாளை நினைத்தேன். அன்று வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுகூட நினைவிருக்கிறது. பச்சை.

11:50

அண்ணனிடம் வானொலியில் நிலைமையைச் சொன்னேன். சிரித்தார்.

"அப்ப ஒனக்குக் கோவம் வரணும், அம்புட்டுதான? இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா. நம்ம தொழிலே அதானளா."

பிறகு ஆரம்பித்தார். கேட்டதைப் பதிகிறேன்.

"நீ பொறந்தநாளைக்கின்னு ஒளிச்சு வச்சிருந்த முறுக்கு காணாமப் போச்சுல்லா? எலியா தின்னுச்சு இங்க? நாந்தான்."

பச்சை.

"தண்ணிய மோந்து பாக்க ஒரு பட்டமா? எங்கூர்ல மாடு பாக்குமே அந்த வேலய."

பச்சை.

"நீ பேசுதது பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு மாதிரி இருக்கு. அதாச்சும் ரெண்டு தடவ சொல்லும்."

எனக்கே சிரிப்பு வந்தது. பச்சை.

"ஒங்கப்பன் மூட்ட தூக்கிப் படிக்க வச்சது எதுக்குட்டி? எவன் ஏறி மிதிச்சாலும் மூச்சு விட்டுக்கிட்டு நிக்கதுக்கா?"

இதற்கு மட்டும் மஞ்சள். உடனே மூச்சை இழுத்து விட்டேன். பச்சை. விட்டிருக்கக் கூடாது என்று பிறகுதான் தோன்றியது.

12:20

ஜெகதீசன்: "மேல இருக்கவங்க கூட்டத்துல இருக்காங்க மேடம். ஏதாவது செய்ங்க. அழுங்க. எதையாவது உடைங்க."

ஒரு குப்பியை உடைத்தேன். துடைப்பம் எடுத்துவந்து சில்லுகளைப் பெருக்கினேன்.

12:38

அண்ணனின் குரல் இறங்கிவிட்டது.

"எம்மா, போதும். எனக்கு வாய் வலிக்கு. ஒன்ன ஏச ஒண்ணும் மிச்சம் இல்ல."

பிறகு அவரே:

"காலைலருந்து நீ ஒண்ணும் சாப்பிடலல்லா? போய் ரெண்டு வாய் சாப்பிடு. நான் சொன்னத மனசுல வச்சுக்காத தாயி. ஒன்ன மாதிரி ஒரு புள்ள கூட இருந்ததே பெரிய விஷயம்."

நடந்தது: மேலே உள்ளது.
உடலில்: கண் தெரியவில்லை. எழுத்து கோணலாகப் போகிறது. மஞ்சள். சிவப்பு.

ஜெகதீசன் கத்தினார்: "சிவப்பு! வந்துடுச்சு மேடம்! வண்டி திரும்புது! நேரத்துக்கு வந்துடும், அப்படியே இருங்க, அப்படியே!"

மணிக்கட்டிலிருந்து பட்டையின் குரல்: "அஞ்சுகம், நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள். மூச்சை இழுத்து விடுங்கள். ஒன்று."

12:41

நடந்தது: வண்டி எங்கள் பக்கம் திரும்பியது.
உடலில்: எழுத்து நேராகிவிட்டது.
செய்தது: மூன்று மூச்சு.

12:42

பச்சை.

நினைத்துச் செய்யவில்லை. குரல் சொன்னது, நெஞ்சு ஏறி இறங்கியது. மூன்றாவதை விடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜெகதீசன்: "மேடம்? வண்டி மறுபடி ரெண்டாம் நிலையத்துக்கே போகுது. மேடம், என்ன பண்ணீங்க?"

அண்ணன் சொன்னதை மீண்டும் ஓடவிட்டுக் கேட்கிறேன். இப்போது அது வெறும் ஒலிப்பதிவாக இருக்கிறது. சத்தம் போட்டுப் பார்த்தேன். பட்டை அதைப் 'பாட்டு' என்று எடுத்துக்கொண்டது.

13:55

கூட்டம் இன்னும் முடியவில்லை. இனி வண்டி திரும்பினாலும் நேரம் போதாது.

அண்ணன்: "ஏளா... வண்டி கிளம்பிட்டா?"

"கிளம்பிடுச்சுண்ணே. வந்துட்டே இருக்கு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணே."

என் குரல் துளியும் பிசகவில்லை.

14:30

நடந்தது: வானொலியில் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை.
உடலில்: ஒன்றும் இல்லை.
செய்தது: